ஆள் தானாக எரிந்ததாகக் கேள்விப்பட்டால் ஓர் அகலை ஏற்றிப் பாருங்கள்

எரிதல் பாடம் நடத்தும் வாரத்தில் வகுப்பில் ஒரு பிள்ளையாவது எழுந்து, "ஐயா, மனிதர் தானாகவே தீப்பிடித்துச் சாம்பலாகிவிடுவாராமே?" என்று கேட்காமல் இருந்ததில்லை. நான் மறுத்துப் பேசுவதில்லை. மேசையில் அகலை எடுத்து வைக்கிறேன். வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஒரு பஞ்சுத் திரியை எண்ணெய் இல்லாமல் கொளுத்துங்கள். சில நொடிகளில் சாம்பலாகிவிடும். அகலில் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றி, எரியும் தீக்குச்சியை அதற்குள் போடுங்கள், குச்சிதான் அணையும். இப்போது அந்த எண்ணெயில் ஒரு திரியை ஊறவைத்து ஏற்றுங்கள். எண்ணெய் தீரும்வரை சின்னச் சுடர் நின்று எரியும்.

இந்த அகலை மனதில் உள்வெளியாகத் திருப்புங்கள். மனித உடலில் கொழுப்பு உள்ளே இருக்கிறது. திரி வெளியே, உடுத்திய துணியாக. துணியில் தீப்பிடித்துத் தோல் வெடித்தால், உருகும் கொழுப்பு துணியில் ஊறி மெதுவாக எரிகிறது. இதைத் திரி விளைவு என்கிறார்கள். 1998இல் தீ ஆய்வாளர் ஜான் டிஹான் இறந்த பன்றி ஒன்றைப் போர்வையில் சுற்றி, சிறிது பெட்ரோல் தெளித்துக் கொளுத்தினார். 5 மணி நேரம் எரிந்தபின் எலும்புகளே நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தன.

இனி, கேள்விப்பட்ட கதையிடம் கேளுங்கள். முதல் நெருப்பு எது? திரி எது? எத்தனை மணி நேரம் யாரும் பார்க்கவில்லை?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1951 ஜூலையில் இறந்த மேரி ரீசரை எடுத்துக்கொள்வோம். வயது 67. காலையில் தந்தி கொடுக்க வந்த வீட்டுக்கார அம்மாள் கதவின் கைப்பிடியைத் தொட்டார், சுட்டது. உள்ளே நாற்காலி இருந்த இடத்தில் சாம்பலும், செருப்பணிந்த ஓர் இடது பாதமும் கிடந்தன. இதைப் புதிர் என்பவர்கள் பாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முந்தைய இரவு அவர் தூக்க மாத்திரை சாப்பிட்டிருந்தார், கையில் சிகரெட் இருந்தது, எளிதில் பற்றும் இரவு உடையில் பஞ்சு திணித்த நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதைச் சொல்வதில்லை. இரவு 9 மணி அளவில் உயிரோடு பார்த்தவர்கள் உண்டு. கண்டெடுத்தது காலை 8 மணிக்கு. நம் மூன்று கேள்விக்கும் பதில் அந்த அறையிலேயே இருக்கிறது.

பாதம் மிஞ்சியதும் அப்படித்தான். அங்கே கொழுப்பு குறைவு, சுற்றிலும் துணி இல்லை. வெப்பம் மேல்நோக்கிப் போவதால் தரைமட்டத்தில் இருந்தது தப்பியது. அந்த அறையிலும் மேற்பகுதியில்தான் கரி படிந்திருந்தது.

உடலில் தேங்கும் வாயு, குடித்த சாராயம், மின்சாரம் என்று வேறு விளக்கங்களும் சொல்லப்படுவதுண்டு. சாராயத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்கிறேன்: சதை பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது ரத்தத்தில் ஏறுவதற்கு வெகு முன்பே ஆள் இறந்துவிடுவார். மேலும் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர்.

"அப்படியானால் அவர் ஏன் எழுந்து ஓடவில்லை, ஐயா?" என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள். நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுதான். கரும்பலகையில் 'தூக்க மாத்திரை' என்று எழுதினேன். அவள் உட்காரவில்லை, "பாவம், பக்கத்தில் யாருமே இல்லையா?" என்றாள்.