நாலாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய டூரிங் பைக்: வாங்கலாமா, விடலாமா?

'2020 மாடல், சிங்கிள் ஓனர், ஓடியது 4,000 மட்டுமே' என்று ராயல் என்ஃபீல்டின் டூரிங் பைக்கான ஹிமாலயன் 411 ஒன்று விற்பனைக்கு வந்தால் பார்த்த உடனே அட்வான்ஸ் அனுப்பத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நான் அந்த விளம்பரத்தில் முதலில் பார்ப்பது கிலோமீட்டரை இல்லை, வருஷத்தை. இத்தனை வருஷம் இந்த வண்டி எங்கே நின்றது, எப்படி நின்றது, ஏன் நின்றது என்ற மூன்று கேள்விக்கும் விற்பவரிடம் நேரான பதில் இருந்தால்தான் மேற்கொண்டு பேசுவேன்.

ஏன் நின்றது என்பதற்குப் பெரும்பாலும் நியாயமான காரணம்தான் இருக்கும். லடாக் போகும் ஆசையில் வாங்கியிருப்பார், அப்புறம் வெளிநாட்டு வேலை, கல்யாணம், குழந்தை என்று வண்டி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கவர் போட்டு நின்றுவிடும். அதில் தப்பில்லை. எங்கே நின்றது என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள். சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எந்தப் பகுதியில் இருந்தது, தண்ணீர் எதுவரை ஏறியது என்று நேராகவே கேட்டுவிடுங்கள், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வண்டிக்கும் அதே மாதம் 17, 18 தேதிகளைப் பற்றி இதே கேள்விதான். சீட்டைக் கழற்றி வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கடற்கரையோரம் நின்ற வண்டியில் போல்ட் தலைகளும் ஸ்போக்குகளும் துருப்பிடித்திருக்கும், அதையும் கவனியுங்கள்.

நிற்கும் வண்டியில் கெட்டுப்போகும் பாகங்கள் வேறு, ஓடும் வண்டியில் தேயும் பாகங்கள் வேறு. இதில் எனக்கே ஒரு அடி விழுந்திருக்கிறது. பல வருஷம் முன்னால் நான் வாங்கிய ஒரு வண்டியில் டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டங்கள்) எல்லாம் புதுசு மாதிரி ஆழமாக இருந்தன, சந்தோஷமாக ஏற்காடு ஏறினேன். இறங்கும்போது லேசான தூறல், ஒரு ஹேர்பின்னில் பின்சக்கரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. முழங்காலில் தையலோடு வீட்டுக்கு வந்தபிறகுதான் டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்க எண்ணைப் படித்தேன், ஏழு வருஷப் பழசு. அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம், 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர். ஐந்து, ஆறு வருஷம் தாண்டினால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகிப்போய் ஈரத்தில் பிடிக்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் அப்படியே விட்டால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், அந்தத் துரு ஃப்யூவல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். முன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தின் சஸ்பென்ஷன் குழாய்களை, நாலைந்து முறை அமுக்கிவிட்டு விரலால் தடவுங்கள், எண்ணெய் ஒட்டினால் ஆயில் சீல் போயிருக்கிறது, குழாயில் சின்னச் சின்னத் துருப்புள்ளிகள் இருந்தால் புது சீலும் சீக்கிரம் போகும். பிரேக் ஆயில், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, நின்ற வண்டியில் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். செயினில் மடங்காமல் இறுகிப்போன லிங்க் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றியே கண்டுபிடிக்கலாம். ஹிமாலயனில் சென்டர் ஸ்டாண்ட் உண்டு, அதில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள், நடுவில் ஓர் இடத்தில் தட்டி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) மாற்ற வேண்டும்.

பார்க்கப் போகும்போது வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், ஆறியிருக்க வேண்டும். ஆறிய இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் பேட்டரியும் பெட்ரோல் சிஸ்டமும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது தெரியும்.

மீட்டர் உண்மையா என்ற சந்தேகமும் நியாயமானதுதான். கால் வைக்கும் ரப்பர், கியர் லீவர் நுனி, பிரேக் டிஸ்க் தேய்மானம், ஸ்ப்ராக்கெட் பல் இவையெல்லாம் 4,000 கிலோமீட்டருக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சர்வீஸ் பதிவையும் கேளுங்கள், ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் குறித்திருப்பார்கள். வருஷா வருஷம் ஆயில் மாற்றிய பில் இருந்தால் அந்த உரிமையாளர் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு ஆர்.சி., இன்ஷூரன்ஸ், கடன் எல்லாம் பாருங்கள். கடன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லாச் சான்று) ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-உம் கையில் வரும்வரை முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. கர்நாடகப் பதிவு என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி இங்கே மறுபடி லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும், அந்தத் தொகையைச் சேர்த்தால் மலிவு என்று நினைத்த விலை மலிவாக இருக்காது.

இனி கணக்கு. டயர் ஜோடி, பேட்டரி, செயின் செட், ஃபோர்க் சீல், எல்லா ஆயிலும் என்று உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் விலை கேட்டு எழுதுங்கள், இருபதாயிரம் வந்தாலும் ஆச்சரியமில்லை. அதை விலையில் கழித்துக் கேளுங்கள். 'கிலோமீட்டர் கம்மி சார், குறைக்க முடியாது' என்றால், அதே மாடலில் ஒழுங்காக சர்வீஸ் செய்து 25,000 ஓடிய வண்டி குறைந்த விலைக்குக் கிடைக்கும், நான் அதைத்தான் எடுப்பேன்.

உங்களுக்கு இந்த வண்டி தேவையா என்பதையும் யோசியுங்கள். கிட்டத்தட்ட 199 கிலோ எடை, தினமும் கிண்டி, வேளச்சேரி டிராஃபிக்கில் உருட்டுவது சுகமில்லை. ஹைவேயில் 90, 100-இல் நிம்மதியாகப் போகும், அதற்கு மேல் முக்கும். இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் 300 கிலோமீட்டர் போய்ப் பாருங்கள், இடுப்பும் மணிக்கட்டும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள்.

வாங்கிவிட்டால் நேராக வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுக்குப் போய்விடாதீர்கள். முதலில் டயரையும் பிரேக் ஆயிலையும் மாற்றி, ஊருக்குள்ளேயே ஒரு வாரம் ஓட்டி, அப்புறம் நூறு கிலோமீட்டருக்குள் ஒரு இடத்துக்குப் போய்வந்து, வண்டி நின்ற இடத்தில் தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று மறுநாள் காலையில் பாருங்கள்.