கீமோ நடக்கும்போது சத்து மாத்திரை வாங்குவதற்கு முன்

அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய்க்காக பெமெட்ரெக்செட் என்கிற கீமோ மருந்து ஏறுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "உடம்பு தேற ஏதாவது வைட்டமின் வாங்கிக் கொடு" என்கிறார்கள். அக்கறைதான். ஆனால் எந்த வைட்டமின் வேண்டும், எது ஆகாது என்பது ஏறுகிற மருந்தைப் பொறுத்தது. அதனால் முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து மருந்தின் மூலப்பெயரை எழுதி வையுங்கள்.

பெமெட்ரெக்செட், ஃபோலேட் என்கிற பி வைட்டமினின் வேலையைத் தடுத்துத்தான் புற்றணுக்களை அழிக்கிறது. உடம்பில் ஃபோலேட்டும் பி12-ம் குறைவாக இருந்தால் ரத்த அணுக்கள் மளமளவென்று இறங்கும், வாயெல்லாம் புண்ணாகும். ஆகவே முதல் டோஸுக்கு 7 நாள் முன்பே, ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் ஆசிட் தொடங்கி, கடைசி டோஸுக்கு அப்புறமும் 21 நாள் தினமும் சாப்பிட வேண்டும். அளவு 350 முதல் 1000 மைக்ரோகிராம். மெடிக்கல் ஷாப்பில் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது 5 மில்லிகிராம் மாத்திரை, அதாவது 5000 மைக்ரோகிராம்! அட்டையைத் திருப்பி, டாக்டர் எழுதிய அளவுதானா என்று பாருங்கள். பி12 ஊசி தனி: முதல் டோஸுக்கு ஒரு வாரம் முன்பு 1000 மைக்ரோகிராம், பிறகு மூன்று சைக்கிளுக்கு (கீமோ சுற்றுக்கு) ஒருமுறை. மாத்திரை தினமும் கண்ணில் படும், ஊசிதான் விட்டுப்போகும். நான் தினசரி காலண்டரில் அந்தத் தேதித் தாளையே மடித்து வைத்துவிடுகிறேன்.

இதே ஃபோலிக் ஆசிட், கேபெசிடபின் என்கிற இன்னொரு கீமோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது. வயிற்றுப்போக்கு போன்ற பக்கவிளைவுகள் கடுமையாகும். பி காம்ப்ளக்ஸ் கேப்சூல் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் சாப்பிடுகிறார் என்று மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

சாப்பாட்டில், வாய் புண்ணான நாட்களில் குழையப் பிசைந்த பருப்பு சாதம், ஆறவைத்த கேழ்வரகுக் கஞ்சி, நன்றாக வெந்த முட்டை. எங்கள் அம்மா சைவம், பி12-க்குப் பாலும் தயிரும்தான்.

ஒன்றில் மட்டும் தாமதம் வேண்டாம். நாள்கணக்கில் வாந்தி எடுத்து எதுவும் இறங்காதவருக்கு நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ பி1 என்கிற தயமின் தீர்ந்திருக்கலாம். உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே குளுக்கோஸ் ட்ரிப்ஸ் போடுவதற்கு முன், "இத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, தயமின் ஊசி வேண்டுமா?" என்று நீங்களாகவே கேளுங்கள்.