வரும் சீசனில் ஒரு கல்லூரி அணியின் ஆஃபென்ஸ் எப்படி இருக்கும்? ஸ்ப்ரெட்ஷீட்டில் கணக்குப் போடும் முறை

இது ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிய பதிவு. டவுன், டச்டவுன், குவார்ட்டர்பேக் எல்லாம் தெரிந்தவர்களுக்கானது. விதிகளை இங்கே விளக்கப் போவதில்லை.

ஜூலை வந்துவிட்டால் ஆளாளுக்கு "இந்த வருஷம் நம்ம ஆஃபென்ஸ் 40 பாயின்ட் போடும்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், போன வருடத்துச் சராசரியைக் காட்டுவார்கள். குழப்பமே அந்தச் சராசரியில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு லூசியானா ஸ்டேட் அணியின் 2018, 2019, 2020 சீசன்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் முடிந்த கதை என்பதால், போட்ட கணக்கை உடனே சரிபார்க்கலாம். ஆட்டத்துக்குச் சராசரிப் பாயின்ட் 2018-ல் 32.4, 2019-ல் 48.4, 2020-ல் 32.0. இதை மட்டும் பார்த்தால், நடுவில் ஒரு வருடம் மழை கொட்டிவிட்டு அணி பழைய இடத்துக்கே திரும்பியதுபோலத் தெரியும். அது உண்மையில்லை.

என்ன வேண்டும்?

கூகுள் ஷீட்ஸ் போதும். பைத்தான் தெரிந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்பதெல்லாம் வீண் மிரட்டல். ஆட்ட முடிவுகளுக்கும் வீரர்களின் எண்களுக்கும் ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸின் கல்லூரி ஃபுட்பால் பக்கங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பிளேயாகப் பிரித்துப் பார்க்க காலேஜ் ஃபுட்பால் டேட்டா தளம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் தர மதிப்பெண்கள் ஆரம்பத்தில் தேவையே இல்லை. அவை எப்படி வந்தன என்று தெரியாமல் பயன்படுத்தினால், தப்பு நடக்கும்போது எங்கே தப்பு என்றே தெரியாது.

படி 1: பாயின்ட்டுகளைச் சல்லடையில் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் மெதுவாகப் போவோம். ஒரு வரிசைக்கு ஒரு ஆட்டம் என்று எல்லா ஆட்டங்களையும் ஷீட்டில் போடுங்கள். பிறகு மூன்று விஷயங்களைக் கழியுங்கள்.

முதலில் ஓவர்டைம். 2018-ல் இந்த அணி 13 ஆட்டங்களில் 421 பாயின்ட் போட்டது. அதில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 74-72 என்று தோற்ற ஆட்டமும் ஒன்று. ஏழு ஓவர்டைம் போன ஆட்டம் அது. ஒழுங்கான நான்கு குவார்ட்டர் முடிந்தபோது ஸ்கோர் 31-31. அந்த 72-ல் 41 பாயின்ட், எதிராளியின் 25 யார்டில் பந்தைக் கையில் கொடுத்து ஆரம்பிக்கும் ஓவர்டைமில் வந்தது. ஒரே மாலை நேரம், முழு சீசனின் சராசரியை 3 பாயின்டுக்கு மேல் தூக்கிவிட்டது. (2021 முதல் மூன்றாவது ஓவர்டைமிலிருந்தே இரண்டு பாயின்ட் முயற்சிகள் மட்டும்தான். இனி இவ்வளவு பெரிய வீக்கம் வராது. பழைய சீசன்களைத் தொடும்போதுதான் கவனம் தேவை.)

அடுத்தது டிஃபென்ஸும் ஸ்பெஷல் டீம்ஸும் போட்ட டச்டவுன்கள். அதே 2018-ல் மயாமிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஜேக்கப் ஃபிலிப்ஸ் என்ற லைன்பேக்கர் இடைமறித்து ஓடிப் போட்ட டச்டவுனும் அணியின் 33 பாயின்டில் சேர்ந்தே இருக்கிறது. அதற்கும் ஆஃபென்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாவது, சின்ன அணிகளோடு ஆடிய ஆட்டங்கள். இவற்றை ஒவ்வொன்றாக எடை போடுவதைவிட, கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை, அதாவது அணி சேர்ந்திருக்கும் லீக்குக்குள் நடப்பவற்றை, மட்டும் தனியாக எடுப்பது எளிது. ஆரம்பக் கணக்குக்கு அது போதும்.

இந்த அணியின் கான்ஃபரன்ஸான எஸ்இசி ஆட்டங்களை மட்டும் எடுத்து ஓவர்டைமைக் கழித்தால் இப்படி வரும்:

2018: 8 ஆட்டம், 196 பாயின்ட், சராசரி 24.5
2019: 8 ஆட்டம், 377 பாயின்ட், சராசரி 47.1
2020: 10 ஆட்டம், 320 பாயின்ட், சராசரி 32.0

கொரோனா வருடமான 2020-ன் வழக்கமான சீசனில் எஸ்இசி அணிகள் தங்களுக்குள் மட்டுமே ஆடின. அதனால் அந்த 32.0-ல் சின்ன அணிகளை அடித்துச் சேர்த்த பாயின்ட் ஒன்றுகூட இல்லை. மேலே ஒன்றுபோலத் தெரிந்த 32.4-க்கும் 32.0-க்கும் இடையே உண்மையில் 7.5 பாயின்ட் வித்தியாசம். மாறாக 2019-ன் 48.4 கான்ஃபரன்ஸ் ஆட்டங்களிலும் 47.1-ஆகவே நின்றது, அந்த அணி யாரோடு ஆடினாலும் அடித்தது. (மூன்று வருடத்திலும் இடைமறித்துப் போட்ட டச்டவுன்களை நான் இங்கே கழிக்கவில்லை. உங்கள் அணிக்குச் செய்யும்போது கழியுங்கள்.)

இன்னொரு எச்சரிக்கை. 2023-லிருந்து ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர. பிளேக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. 2022-ஐயும் 2023-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் "ஆட்டத்துக்கு" என்ற கணக்கை விட்டுவிட்டு "டிரைவுக்கு எத்தனை பாயின்ட்" (பந்து கைக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் எத்தனை) என்று பாருங்கள்.

படி 2: சாக்கை இடம் மாற்றுங்கள்

சாக் என்பது குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன் பிடித்து வீழ்த்தப்படுவது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல் பார்த்துப் பழகியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். என்எஃப்எல்லில் சாக்கில் போகும் யார்டுகள் பாஸிங் கணக்கில் கழியும். கல்லூரி ஆட்டத்தில் அவை ரஷ்ஷிங் கணக்கில் கழியும். குவார்ட்டர்பேக்கைக் காக்கத் தெரியாத அணிக்கு "ஓட்டம் சரியில்லை" என்று பெயர் வருவது இதனால்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு. பாக்ஸ் ஸ்கோரில் 30 ஓட்டம், 120 யார்டு என்று இருக்கிறது, ஓட்டத்துக்கு 4.0, சுமார்தான். ஆனால் அதற்குள் 4 சாக், 28 யார்டு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. அவற்றை வெளியே எடுத்தால் 26 ஓட்டம், 148 யார்டு, ஓட்டத்துக்கு 5.7. இது நல்ல ஓட்டம்! மறுபக்கம் 30 பாஸுக்கு 240 யார்டு, பாஸுக்கு 8.0 என்று மின்னியது, 4 சாக்கையும் சேர்த்தால் 34 முயற்சிக்கு 212 யார்டு, அதாவது 6.2 ஆகிவிடும். ஆக, அந்த அணியின் நோய் ஓட்டத்தில் இல்லை, பாஸ் பாதுகாப்பில். முன்னோட்டம் எழுதுபவர் புது ரன்னிங் பேக்கைத் தேடிக்கொண்டிருப்பார். அணிக்குத் தேவை ஒரு லெஃப்ட் டேக்கிள்.

சாக் எண்களை எடுக்க, எதிரணியின் டிஃபென்ஸ் பட்டியலில் சாக்கும் யார்டும் இருக்கும் வரியைப் பாருங்கள். கூடவே "டீம்" என்ற பெயரில் ஓட்டம் ஏதாவது பதிவாகியிருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள். கடைசியில் முட்டி போட்டு நேரம் கடத்தியதும், தலைக்கு மேல் பறந்த ஸ்னாப்பும் அதில்தான் கிடக்கும்.

அணியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 2018-ல் 128 ஓட்டத்தில் 399 யார்டு, ஓட்டத்துக்கு 3.1. இதைப் பார்த்து "கால் கனமான ஆள்" என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த 399 அத்தனை சாக்கையும் கழித்த பிறகு மிஞ்சியது.

படி 3: யார் போனார்கள், யார் இருக்கிறார்கள்

எல்லா இழப்பும் ஒரே எடை இல்லை. ஈஎஸ்பிஎன்னில் எழுதும் பில் கானலி பல வருடமாகத் திரும்பும் வீரர்களின் பங்கைக் கணக்கிட்டுவருகிறார். அவர் முறையில் ரன்னிங் பேக்குக்குக் கிடைக்கும் எடை மிகக் குறைவு. ஆயிரம் யார்டு ஓடியவர் போய்விட்டார் என்று தலைப்பில் அழ வேண்டியதில்லை. 2018-ல் 1,039 யார்டு ஓடிய நிக் பிராசெட் போனார். அடுத்த வருடம் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 1,414 ஓடினார்.

நான் பரிந்துரைக்கும் எளிய அட்டவணை:

குவார்ட்டர்பேக்: பழையவரே என்றால் +1, புதியவர் என்றால் -3.
ரிசீவிங் யார்டில் திரும்புவது: 60 சதவீதத்துக்கு மேல் +1, 30 முதல் 60 வரை -1, அதற்குக் கீழே -3.
ஆஃபென்சிவ் லைனில் நிலையாக ஆடிய ஐவரில் 4 அல்லது 5 பேர் இருந்தால் +1, 3 பேர் -1, 2 அல்லது குறைவு -3.
ஆட்டத்திட்டம் வகுப்பவர் போனால் -1.

ரன்னிங் பேக்குக்கு வரியே கிடையாது. வேண்டுமென்றே விட்டதுதான்.

கடைசி வரியில் பதவிப் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2020-ல் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் அப்படியே இருந்தார். ஆனால் 2019-ல் என்எஃப்எல்லின் செயின்ட்ஸிலிருந்து வந்து பாஸிங் ஆட்டத்தையே மாற்றிய ஜோ பிரேடி, ஒரே சீசனில் கரோலைனா பேந்தர்ஸுக்குப் போய்விட்டார். இதுவும் -1 தான்.

படி 4: கூட்டிப் பாருங்கள்

அடிப்படை எண்: போன சீசன் இரண்டு பங்கு, அதற்கு முந்தையது ஒரு பங்கு. ஒரே ஒரு அதிசய சீசன் தலையில் ஏறாமல் இருக்க இது. 2020-க்கு: 47.1 இரண்டு முறை, 24.5 ஒரு முறை, மூன்றால் வகுத்தால் 39.6.

இப்போது இழப்புகள். 2019-ல் அணி பாஸில் எடுத்த 6,024 யார்டில் 5,671 பர்ரோவுடையது. திரும்பி வந்த மைல்ஸ் பிரெனனிடம் இருந்தது 353. எனவே -3. லைனில் சார்ல்ஸ், மகீ, குஷன்பெரி, லூயிஸ் போய்விட்டார்கள், -3. ரிசீவர்களில் ஜஸ்டின் ஜெஃபர்சனின் 1,540 போனது. ஆனால் ஜமார் சேஸ் (1,780), டெரஸ் மார்ஷல் (671) இருவரும் சேர்ந்தே 40.7 சதவீதம், எனவே -1. பிரேடிக்கு -1. மொத்தம் -8, விடை 31.6.

ஆகஸ்ட் கடைசியில் சேஸ் அந்த சீசனில் ஆடப் போவதில்லை என்று விலகினார். ரிசீவர் வரி -1-லிருந்து -3 ஆகும்; விடை 29.6. இதற்கு மேலும் கீழும் 4 பாயின்ட் விட்டு "26 முதல் 34 வரை" என்று எழுதுங்கள். உண்மையில் வந்தது 32.0.

முடிவு தெரிந்தபின் போட்ட கணக்கு நன்றாகத்தான் வரும் என்று நீங்கள் முணுமுணுப்பது நியாயம். அதனால் இதே முறையை 2019-க்கும் போட்டுக் காட்டுகிறேன். 2017-ல் கான்ஃபரன்ஸ் சராசரி 26.1, 2018-ல் 24.5. அடிப்படை 25.0. பர்ரோ இருக்கிறார், ரிசீவர்கள் இருக்கிறார்கள், லைனில் நால்வர் இருக்கிறார்கள்: +3. விடை 28, அதாவது 24 முதல் 32. வந்தது 47.1. பத்தொன்பது பாயின்ட் தப்பு!

படி 5: கடைசி நான்கு ஆட்டம்

மேலே உள்ள தப்பை முழுசாகத் தீர்க்க வழியில்லை. குறைக்க ஒரு வழி உண்டு. சீசனின் கடைசி நான்கு ஆட்டங்களைத் தனியாகப் பாருங்கள், குறிப்பாகக் குவார்ட்டர்பேக் அணிக்குப் புதியவராக இருந்தால். பர்ரோ 2018 கோடையில்தான் ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து வந்தார். வசந்தகாலப் பயிற்சியே இந்த அணியோடு இல்லை. சீசன் முழுக்க 57.8 சதவீதம், 16 டச்டவுன் என்று சாதாரணமாகத் தெரிந்தவர், கடைசியில் ஃபியஸ்டா போல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் சென்ட்ரல் ஃப்ளோரிடாவுக்கு எதிராக 394 யார்டு, 4 டச்டவுன் எறிந்தார். அதோடு புதுத் திட்டம் கொண்டுவரும் பயிற்சியாளரும் சேர்ந்தால், எல்லையின் மேல்பக்கத்தை மட்டும் 4-க்குப் பதிலாக 8 ஆக்குங்கள். அப்படியும் அடுத்த வருடத்தின் 76.3 சதவீதமும் 60 டச்டவுனும் சிக்கியிருக்காது. அந்த மாதிரி சீசனைக் கணக்கால் பிடிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரே ஒரு போல் ஆட்டத்தை வைத்து இதைச் செய்யாதீர்கள். எதிரணியில் பாதிப் பேர் போர்ட்டலுக்கும் (கல்லூரி மாற நினைப்பவர்கள் பெயர் பதியும் பட்டியல்) என்எஃப்எல் டிராஃப்ட்டுக்கும் கிளம்பியிருப்பார்கள். நான்கும் ஒரே திசையைக் காட்டினால்தான் கணக்கு.

பின்சேர்க்கை: டிரான்ஸ்பர் ஆட்களை எப்படிச் சேர்ப்பது?

அடிக்கடி வரும் கேள்வி. 2021-ல் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்றாகி, 2024-ல் அந்த வரம்பும் போனபின், "திரும்பும் வீரர்கள்" என்ற பட்டியலே பாதிக் கதைதான். வேறு கல்லூரியில் எடுத்த ரிசீவிங் யார்டை இங்கே பாதியாகச் சேருங்கள். கீழ்மட்டப் பிரிவிலிருந்து வந்தால் கால்வாசி. லைன்மேனுக்கு இந்தப் பாதிக் கணக்கு வேண்டாம். ஐவரும் சேர்ந்து ஆடிப் பழகியதே அங்கே பாதி பலம், எனவே புதியவரைப் புதியவராகவே எண்ணுங்கள். 2020-ல் ஹார்வர்டிலிருந்து வந்து சென்டராக ஆடிய லியம் ஷானஹன் அனுபவசாலிதான். ஆனாலும் என் அட்டவணையில் அவருக்குத் திரும்பியவர் என்ற இடம் கிடையாது.

புதுக் குவார்ட்டர்பேக் வேறு கல்லூரியில் ஒரு முழு சீசன் தொடக்க வீரராக ஆடியவர் என்றால் -3-க்குப் பதில் -1 போடுங்கள்.

எப்போது கணக்குப் போடுவது? 2026-ல் போர்ட்டல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஒரு முறைதான் திறந்தது. வசந்தகாலத்தில் இருந்த இரண்டாவது வாய்ப்பு எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் பிப்ரவரியில் முதல் கணக்கு, வசந்தகாலப் பயிற்சி முடிந்ததும் லைன் வரியை மட்டும் திருத்தம், ஆகஸ்ட் பயிற்சி முகாம் முடியும் வாரத்தில் காயங்களையும் விலகல்களையும் பார்த்துக் கடைசித் திருத்தம். ஒவ்வொரு முறையும் பழைய தாளை அழிக்காமல் ஷீட்டில் புது டேப் திறந்து தேதி போடுங்கள். டிசம்பரில் எந்த வரி ஏமாற்றியது என்று தேட அது வேண்டும்.