கண்மாயை வானத்திலிருந்து அளக்கும்போது செய்யும் தவறுகள்

மே மாதத்துச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இராமநாதபுரத்துக் கண்மாய்களைத் தேடிப் பாருங்கள். தண்ணீர் வற்றிய கண்மாய் 'தரிசு நிலம்' என்று வரும். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய் 'காடு' என்று வரும். ஆகாயத்தாமரை மூடிய குளம் தண்ணீர் நிறைந்திருந்தாலும் 'பயிர்' என்று வரும். மென்பொருள் எந்தப் பிழையும் செய்யவில்லை. அன்றைக்கு மேலே எது தெரிந்ததோ அதைத்தான் சொன்னது. ஒரே ஒரு நாளின் படத்தை எடுத்துக்கொண்டு ஒரு நீர்நிலையின் வரலாற்றையே எழுத உட்கார்ந்ததுதான் தவறு.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, குளம், கண்மாய்கள் உள்ளன. தூர்வாரும் திட்டம், ஆக்கிரமிப்புக் கணக்கெடுப்பு, வெள்ளச் சேத அறிக்கை என்று ஏதோ ஒரு வகையில் இவற்றை வரைபடமாக்கும் வேலை இப்போது பலர் கைக்கு வருகிறது. ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபட மென்பொருள் பழகிய இளைஞர்கள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனாலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு எண்ணையும் பார்த்து 'இது எதை அளந்தது, எந்த நாளில் அளந்தது, எங்கிருந்து அளந்தது' என்று கேட்காமல் விடுவதுதான் பெரும்பாலானவற்றுக்கும் வேர்.

நாள் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீர்ப்பரப்பு வேண்டுமென்றால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரிப் படம் வேண்டும். கண்மாயின் தரை மட்டம் வேண்டுமென்றால் மே, ஜூனில் காய்ந்து கிடக்கும்போது ட்ரோனைப் பறக்கவிட வேண்டும். கேள்வி மாறினால் நாளும் மாறும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே படம் வேண்டுமென்றால் மேகம் மறைக்கும். அப்போது எல்லோரும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடாரிடம் போகிறார்கள். அதன் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், மேகத்தைத் துளைத்து வரும். அமைதியான நீர்ப்பரப்பு அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். 'கறுப்பெல்லாம் தண்ணீர்' என்று ஓர் எல்லை மதிப்பைப் போட்டு வெட்டிவிடுவார்கள். இங்கே மூன்று இடத்தில் சறுக்கும். தார்ச்சாலை, விமான ஓடுதளம், வழுவழுப்பான காய்ந்த மணல் எல்லாமே கறுப்புதான். காற்றில் அலையடிக்கும் பெரிய ஏரி வெளுத்துப் போகும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரமோ நீரிலும் தண்டிலும் மாறி மாறிப் பட்ட அலையைத் திருப்பி அனுப்புவதால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நிரம்பிய கண்மாயின் உள்வாயில், அதாவது கரைக்கு உட்பக்கப் பரப்பில், பாதி இப்படிக் காணாமல் போய்விடக்கூடும். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு: சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் ரேடாருக்கு வெள்ளம்தான். காவிரி டெல்டாவில் வயலையும் வெள்ளத்தையும் பிரிக்க வேண்டுமென்றால் மழைக்கு முந்தைய ரேடார் படங்களை வரிசையாக வைத்து, நடவுக் காலத் தண்ணீரைக் கழித்த பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத தவறு. ரேடார் இல்லாமல் சூரிய ஒளியில் படமெடுக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களின் எண்களை 10,000 ஆல் வகுத்தால் ஒளி எதிரொளிப்பு கிடைக்கும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமை அந்த எண்களோடு 1000-ஐக் கூட்டித் தருகிறது. அதைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பிக்சலை எடுத்துப் பார்ப்போம். தண்ணீரின் மேல் பச்சைப் பட்டையில் 600, அண்மை அகச்சிவப்பில் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்க் குறியீடான என்டிடபிள்யூஐ என்பது இவற்றின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பது: 300-ஐ 900-ஆல் வகுத்தால் 0.33. அதே தண்ணீர் புதிய கோப்பில் 1600, 1300 என்று இருக்கும். கழிக்காமல் போட்டால் 300-ஐ 2900-ஆல் வகுத்து 0.10. உங்கள் எல்லை மதிப்பு 0.2 என்றால், 2021-இல் நிரம்பியிருந்த கண்மாய் 2022 பிப்ரவரியில் வற்றிவிட்டதாக வரைபடம் சொல்லும். நிலத்தில் ஒரு சொட்டும் குறைந்திருக்காது. கூகுளின் இணையவழிச் செயற்கைக்கோள் படத் தளமான எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' என்று பெயரிட்ட தொகுப்பு இதைச் சரிசெய்தே தருகிறது. நேரடியாகக் கோப்பை இறக்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பல வருடத் தொடர் வரைபடத்தில் ஒரு தேதியில் எல்லாக் கண்மாயும் சேர்ந்து ஒரு படி இறங்கினால், வறட்சி என்று எழுதுவதற்கு முன் கோப்பின் தயாரிப்புப் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

இனி சொல்லப்போவதில்தான் எனக்கு மனம் அதிகம் பதைக்கிறது. சென்டினல்-2-இன் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பிக்சல் 22 சென்ட். கண்மாய் உள்வாயோரம் இரண்டு, மூன்று சென்டில் வீடு கட்டியிருக்கும் ஒரு குடும்பத்தின் மொத்த இடமும் ஒரே பிக்சல். அரை ஏக்கர் ஊருணி என்றால் ஒரு பக்கம் 45 மீட்டர். நாலரைக்கு நாலரை பிக்சல். அதில் பாதிக்கு மேல் ஓரப் பிக்சல்கள், கரையும் தண்ணீரும் கலந்தவை. குற்றலை அகச்சிவப்புப் பட்டைகளோ 20 மீட்டர்தான். மென்பொருளில் அதை 10 மீட்டராக நறுக்கினால் கட்டம் சிறிதாகும், தகவல் கூடாது. இந்தப் படத்தை வைத்து 'நீர்ப்பரப்பு சுருங்கிவிட்டது, எனவே இது ஆக்கிரமிப்பு' என்று எழுதுவது பெரும் பிழை. கண்மாய்ப் புறம்போக்கின் எல்லை புல வரைபடத்தில், அதாவது எஃப்எம்பி-யில் இருக்கிறது. அந்த எல்லைக்குள் கரையும் அடங்கும், தண்ணீர் எட்டாத உள்வாயும் அடங்கும். அந்த ஆண்டு எவ்வளவு மழை பெய்தது என்பதைத்தான் நீர்ப்பரப்பு காட்டுகிறது. ஒரு வீட்டுச் சுவரில் சிவப்பு மையில் எண் எழுதுவதற்கு இது ஆதாரமாகாது. அதற்கு நிலத்தில் இறங்கி எல்லைக்கல்லைத் தேடித்தான் ஆக வேண்டும்.

பரப்பளவைக் கணக்கிடும்போது உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் வெப் மெர்கேட்டர் முறையை விட்டு வெளியே வாருங்கள். இணைய வரைபடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சென்னை அட்சரேகையில் அது பரப்பை 5 முதல் 6 சதவீதம் கூட்டிக் காட்டும். பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் முறைக்கு மாறும்போதும் கவனம் வேண்டும். 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டை நெடுக வெட்டிப் போகிறது: கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி 43-ஆம் மண்டலம், சென்னை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி 44. வேலை இரு பக்கமும் பரவியிருந்தால் ஒரே மண்டலத்தை முதலிலேயே முடிவு செய்து எல்லாக் குழுவுக்கும் சொல்லிவிடுங்கள். பழைய டோப்போ தாள்கள் (நில அமைப்பு வரைபடங்கள்) எவரெஸ்ட் எலிப்சாய்டில், அதாவது பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்துக்கொண்ட கணித மாதிரியில், வரைந்தவை. அப்படியே ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று ஏற்றினால் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். கண்ணால் பார்த்து இழுத்துப் பொருத்தாதீர்கள்.

உயரத்துக்கு வருவோம். சென்னைக் கடற்கரையில் நின்று ஜிபிஎஸ் தரும் எலிப்சாய்டு உயரத்தைப் பார்த்தால் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். கருவியில் கோளாறு இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு தீர்மானிக்கும் சராசரிக் கடல்மட்டம், அதாவது ஜியாய்டு, எலிப்சாய்டுக்குச் சுமார் 106 மீட்டர் கீழே இறங்கியிருக்கிறது; உலகிலேயே ஆழமான பள்ளம் அது. நாம் அதன் சரிவில் வாழ்கிறோம். அமெரிக்க விண்ணோடத்தின் ரேடார் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரங்கள் ஜியாய்டிலிருந்து அளந்தவை. இந்தியாவின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவான கார்ட்டோடெம் உயர வரைபடம் எலிப்சாய்டிலிருந்து அளந்தது. இரண்டையும் அருகருகே ஒட்டினால் நடுவில் ஒரு மலையளவு படி வரும், அது தெரிந்துவிடும். தெரியாமல் போவது வேறொன்று: 85 மீட்டர் என்று ஒரே எண்ணை எல்லா இடத்திலும் கூட்டிவிடுவது. ஜியாய்டு ஊருக்கு ஊர் மாறும். ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும் சங்கிலித்தொடரை அளக்கும்போது சில சென்டிமீட்டர் போனாலே தண்ணீர் மேட்டுக்கு ஏறுவதாகக் கணக்கு வந்துவிடும். ஜியாய்டு மாதிரியைப் போட்டபின் அருகிலுள்ள சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க்கோடு (உயரம் குறித்த நிலைக்கல்லோடு) ஒப்பிட்டுவிடுங்கள்.

ட்ரோன் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது, படத்தை நிலத்தோடு பொருத்த அளந்து வைக்கும் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் அத்தனையையும் கரையின் மேலேயே வைப்பது. கரையில் பைக் போகும், நடப்பது சுலபம், முள் குத்தாது. ஆனால் ஒரே கோட்டில் புள்ளிகள் இருந்தால் அந்தக் கோட்டை அச்சாக வைத்து முழுப் பரப்பும் சாய முடியும். மென்பொருளின் அறிக்கையோ பிழை 2 சென்டிமீட்டர் என்று அழகாகக் காட்டும். உள்வாயிலும் நடுவிலும் புள்ளி வையுங்கள். சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்ப்புக்கென்றே ஒதுக்குங்கள்.

கொள்ளளவுக் கணக்கில் கருவேலம் மறுபடி வருகிறது. ட்ரோன் புகைப்படத்திலிருந்து கிடைப்பது மரத்தலையின் உயரம். 10 ஹெக்டேரில் மூன்று மீட்டர் உயரப் புதரைத் தரை என்று எடுத்துக்கொண்டால் 3 லட்சம் கன மீட்டர், அதாவது 10 மில்லியன் கன அடிக்கு மேல் கொள்ளளவு கணக்கிலிருந்து மறைந்துவிடும். லேசர் கதிரால் உயரம் அளக்கும் லைடார் இலை இடுக்கில் இறங்கும், ஆனால் அடர்ந்த புதரில் எத்தனை கதிர் தரையைத் தொட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கமான லைடாரின் அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீர் விழுங்கிவிடும். பச்சைக் கதிர் தெளிந்த நீரில் இறங்கும், நம் செம்மண் கலங்கலில் அதுவும் தடுமாறும்.

கடைசியாகத் துல்லியச் சதவீதம். ஓர் ஒன்றியத்தில் நீர்நிலை 4 சதவீதப் பரப்பு என்றால், ஒரு கண்மாயைக்கூடக் காட்டாத வரைபடத்துக்கும் 96 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். எத்தனை நீர்நிலை விடுபட்டது, எத்தனை இல்லாமலே முளைத்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். சோதனைப் புள்ளிகளைப் பயிற்சி கொடுத்த அதே கண்மாயிலிருந்து எடுக்காதீர்கள். சோதனைக்குப் போகும் நாளில் ஊரில் கண்மாய்த் தண்ணீரை வயலுக்குப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி யாரென்று கேட்டு அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். உபரி நீர் வழியும் கலிங்கில் நின்று, போன தையில் தண்ணீர் எந்தப் பனைமரம் வரை ஏறி நின்றது என்று அவர் கைகாட்டுவார். அந்த மரத்தடியில் ஜிபிஎஸ்ஸை வைத்துப் புள்ளி எடுத்து, ஜனவரிப் படத்தின் நீரோரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.