சைக்கிளுக்கு நம்பகமான பின்விளக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முன்விளக்கு அணைந்தால் சாலை இருண்டுவிடும் என்பதால் ஓட்டுபவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். பின்விளக்கு அணைந்தாலோ, பின்னால் வரும் லாரிக்காரருக்குத்தான் தெரியும். சென்ற ஐப்பசியில் தக்கலையில் எரியவிட்டுக் கிளம்பிய என் விளக்கு, வில்லுக்குறியில் தேநீர் குடிக்க இறங்கியபோது அணைந்து கிடந்தது. இடையில் எவ்வளவு தூரம் விளக்கில்லாமல் வந்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆகவே, புதிதாக வாங்குபவர்கள் எவ்வளவு பிரகாசம் என்று கேட்பதற்கு முன், நனைந்தாலும் குலுங்கினாலும் அணையாமல் எரியுமா என்று பார்க்க வேண்டும்.

கடைக்குச் செல்லும் முன் உங்கள் சைக்கிளின் பின்புறம் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான விளக்குகள் சீட்டைத் தாங்கும் கம்பியில் மாட்டுவதற்கென்றே வருகின்றன. ஆனால் கேரியரில் மீன் பெட்டியோ, ரப்பர் ஷீட் கட்டோ, பள்ளிப் பையோ ஏறிவிட்டால் அந்த விளக்கு முழுவதும் மறைந்துவிடும். சுமை ஏற்றுபவர்களுக்குக் கேரியரின் பின் விளிம்பில் திருகி மாட்டும் வகையே பொருந்தும். அதற்கான தகட்டில் இரண்டு துளைகள் இருந்தால் அவற்றின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் என்ற இரண்டு அளவுகளே வழக்கத்தில் உள்ளன. தகடு இல்லையெனில் மட்கார்டில் மாட்டும் வகையைக் கேளுங்கள்.

அடுத்தது பிடிப்பு. ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டும் விளக்கை எளிதாகக் கழற்றலாம் என்றாலும், வெயில் பட்டு அந்தப் பட்டை வெடித்துவிடுகிறது. பட்டையை இழுத்து, வளைவின் வெளிப்புறத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழை போன்ற கீறல்கள் தென்பட்டால் வேகத்தடையில் எப்போது வேண்டுமானாலும் விளக்கு கழன்று விழலாம். திருகு உள்ளதை வாங்குவதானால், திருகு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

நம் குமரி மாவட்டத்தில் அதிகக் கவனம் தேவைப்படுவது ஈரம்தான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மேலிருந்து விழும் மழையைவிட, பின்சக்கரம் கீழிருந்து வாரியடிக்கும் சேற்று நீரே விளக்கைக் கெடுக்கிறது. அட்டைப்பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரையும், ஐபிஎக்ஸ்5 என்றிருந்தால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் விளக்கு தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கியிருப்பதற்கான சோதனை. பீய்ச்சும் நீரை அது தனியாகச் சோதிப்பதில்லை என்பதால், எண் பெரிதாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். எண்ணைவிட நான் நம்புவது சார்ஜ் துளையை மூடும் சிறிய ரப்பர் மூடியைத்தான். அதை நான்கைந்து முறை திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறையும் விரலால் அழுத்தாமலே இறுக்கமாக உட்கார வேண்டும். என் பழைய விளக்கில் அந்த மூடியின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் விளக்கைத் துடைத்து, உடனே உலர்த்திவிடுவது நல்லது.

மின்கலத்தைப் பொறுத்தவரை, நாள்தோறும் ஓட்டுபவர்களுக்கு யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏற்றும் வகை சிக்கனமானது. எப்போதாவது ஓட்டுபவர்கள் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஏஏஏ மின்கல வகையை வாங்கலாம். ஓட்டாத மாதங்களில் மின்கலத்தைக் கழற்றி வைக்காவிட்டால் அது கசிந்து சுருள்கம்பியை அரித்துவிடும். பட்டன் மின்கல விளக்கைக் கூடுதல் விளக்காக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மணி நேரம் பெரும்பாலும் மின்னி மின்னி எரியும் நிலைக்கானது; நிலையாக எரியும்போது எவ்வளவு நேரம் என்பதைத் தேடிப் படியுங்கள். மின்னும் ஒளி கவனத்தை ஈர்க்கும் என்றாலும், எவ்வளவு தொலைவில் இருக்கிறீர்கள் என்று பின்னால் வருபவர் கணிப்பதற்கு நிலையான ஒளியே உதவுகிறது. ஆகவே இருட்டில் நிலையான ஒளியையே நான் பரிந்துரைப்பேன்.

வாங்கியபின் வீட்டில் மூன்று சோதனைகள் செய்யுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றி, மாலை ஆறு மணிக்கு எரியவிட்டு, எப்போது மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு சாண் உயரம் தூக்கித் தரையில் பத்து முறை போடுங்கள். விளக்கு கீழ்நோக்கிச் சாய்ந்தாலோ நிலை மாறினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக, தெருவிளக்கு இல்லாத சானல்கரையில் (கால்வாய்க் கரையில்) சைக்கிளை நிறுத்திவிட்டு, 100 மீட்டர் பின்னால் நடந்து சென்று திரும்பிப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்தத் தொலைவை ஆறே நொடியில் கடந்துவிடும். நேர் பின்னால் மட்டுமல்லாமல், சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தும் பாருங்கள், ஏனெனில் நம் சாலைகள் வளைவுகள் நிறைந்தவை.

மட்கார்டில் ஏற்கெனவே இருக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானை, விளக்கு வந்துவிட்டதே என்று கழற்றிவிடாதீர்கள். அதிகாலை மூன்று மணிக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குச் செல்பவரின் விளக்கு வழியில் அணைந்துவிட்டாலும், பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் பட்டால் பிரதிபலிப்பான் ஒளிரும். சேறு படியாமல் துடைத்து வைத்திருந்தால் போதும்.