ஆர்மிஸ்டன் கார்ஜில் இரண்டு இரவு: முதல்முறை கூடாரம் போடுபவர்களுக்கு

நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து மேற்கே 135 கிலோமீட்டர் போனால் ஆர்மிஸ்டன் கார்ஜ் என்ற பாறைப் பள்ளத்தாக்கு. மேற்கு மெக்டானல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. மேற்கு அரெர்ன்டே பழங்குடி மக்களின் மண். ஆஸ்திரேலியாவின் நட்டநடு வறள்நிலத்தில் முதல்முறை கூடாரம் போட நினைப்பவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன். தார்ச்சாலை கடைசிவரை இருக்கிறது, நடைப்பயணமும் அரை நாளில் முடிந்துவிடும்.

1. மே முதல் செப்டம்பர் வரைதான் போக வேண்டும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அப்போது இந்தப் பாறைகளில் நடப்பது உயிருக்கே ஆபத்து. கூடார இடத்தை ஆன்லைனில் முன்பதிவு செய்யுங்கள். வெளி மாநிலத்தவர்களும் வெளிநாட்டவர்களும் பூங்கா பாஸும் எடுக்க வேண்டும்.

2. தண்ணீர். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்குப் போடுங்கள். சமைக்க, கழுவ அதற்கு மேல். எல்லாவற்றையும் ஒரே கேனில் நிரப்பாதீர்கள். ஒன்று ஒழுகினாலும் இன்னொன்று இருக்கும்.

3. குளிர். பாலைவனம் என்றதும் எல்லோரும் வெயிலுக்கே தயாராகிறார்கள். ஜூன், ஜூலையில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். முதல் தடவை நல்ல ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு, கீழே மெல்லிய பாயை விரித்துப் படுத்தேன். தரையிலிருந்து ஏறிய குளிரில் விடியும்வரை தூக்கமே இல்லை. பேக்குக்குச் செலவழிக்கிற அளவு அக்கறையைப் பாய்க்கும் காட்டுங்கள். இன்னொன்று: மாலையில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலை இறுக மூடி, சாக்ஸுக்குள் போட்டு, காலடியில் வைத்துக்கொண்டு படுங்கள்.

4. போனை நம்ப வேண்டாம், சிக்னல் இருக்காது. அவசர உதவி கேட்கும் பிஎல்பி கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

5. பூங்காவுக்குள் விறகு பொறுக்கக் கூடாது. கேஸ் அடுப்பு போதும். நான் வீட்டிலேயே ரவையை வறுத்து, தாளித்துக் கலந்து டப்பாவில் எடுத்துப்போவேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிக் கிளறினால் பத்து நிமிடத்தில் உப்புமா.

6. இனி நடை. பவுண்ட் வாக் என்ற வட்டப்பாதை சுமார் 9 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரோடு காலையிலேயே கிளம்புங்கள். கடிகார முட்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள்: முதலில் மேடு ஏறி, அகன்ற பள்ளத்தில் இறங்கி, கடைசியில் செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே திரும்பி வரலாம். மழை பெய்திருந்தால் அங்கே நீரில் இறங்கிக் கடக்க வேண்டியிருக்கும், தண்ணீர் பனிக்கட்டிபோல் சில்லென்று இருக்கும். ஸ்பினிஃபெக்ஸ் புல் ஊசியாகக் குத்தும். முழுக்கால் பேன்ட் போடுங்கள். முகத்தில் ஈக்கள் மொய்க்கும், தலையை மூடும் வலை ஒன்றை எடுத்துப்போங்கள்.

வழியில் கோஸ்ட் கம் என்ற வெள்ளைப்பட்டை மரம் ஒன்றின் பட்டையை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத்தூள் கையில் ஒட்டும். அரெர்ன்டே ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா நீர்வண்ணத்தில் திரும்பத் திரும்ப வரைந்தது இந்த மரங்களைத்தான். நான் அங்கேயே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம், ஊர் திரும்பும் நாளில் மதியம் 3 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பொழுது சாயும்போது கங்காருவும் மாடும் ரோட்டுக்கு வரும்.