சாலிட்பாடி கிதாரில் பழைய ஜாஸ் வாசிப்பது எப்படி? (புதிதாகத் தொடங்குபவர்களுக்கு)

ஜாஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, உள்ளே குடைந்த, பெரிய வயிறு வைத்த கிதாரின் விலையைத் தேடிப் பார்த்துவிட்டு ஆசையை மூட்டை கட்டிவிடுவதுதான். அவசரப்படாதீர்கள். வீட்டில் ஒரு சாலிட்பாடி (உள்ளே குடையாத, முழுக்கட்டை உடல் வைத்த மின்கிதார்), அதாவது ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டரோ ஸ்ட்ராட்டோகாஸ்டரோ, அவற்றின் மலிவான நகலோ இருந்தால் போதும். என்னிடம் இருப்பதும் ஒரு டெலிகாஸ்டர் நகல்தான்.

கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன், பின்னால் செய்யப்போகும் வேலைக்கு அது தேவை. ஜாஸ் கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் 1939 இல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது வாசித்தது கிப்ஸன் நிறுவனத்தின் இஎஸ்-150. உள்ளே வெற்றிடம் உள்ள கிதார். அந்த வகையில் ஒரு சிக்கல் உண்டு. ஆம்பை (கிதாரின் ஒலிபெருக்கியை) கூட்டினால் அதன் சத்தத்தில் கிதாரின் மேல்பலகையும் சேர்ந்து அதிரும், அந்த அதிர்வு மறுபடி பிக்கப்புக்குள் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) போகும், கடைசியில் மேடை மைக் ஊளையிடுமே, அதே ஊளை. இன்னொன்று, தந்தியின் சக்தியைப் பலகை தின்றுவிடுவதால் சுரம் சீக்கிரம் அடங்கிவிடும். கிதார் கலைஞர் லெஸ் பாலுக்கு இந்த இரண்டும் பிடிக்கவில்லை. நியூயார்க்கில் எபிஃபோன் கிதார் தொழிற்சாலை ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும்போது உள்ளே உட்கார்ந்து, 1940 வாக்கில், நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டை ஒன்றில் பிக்கப்பும் தந்தியும் பூட்டினார். பார்க்க கிதார் மாதிரி இருக்கட்டும் என்று ஒரு கிதாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டினார். கிப்ஸன்காரர்கள் முதலில் அதைப் பார்த்துச் சிரித்தார்களாம். ஃபெண்டர் 1950 இல் சாலிட்பாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, 1952 இல் கிப்ஸனே லெஸ் பால் பெயரில் ஒன்றை வெளியிட்டது.

ஜாஸ்காரர்கள் சாலிட்பாடியை அவ்வளவு ஆவலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் ஜிம் ஹால் 1955 வாக்கில் சிக்கோ ஹாமில்டன் குழுவில் லெஸ் பால் கஸ்டம் வாசித்தார். ஜிம்மி பிரையன்ட் நாட்டுப்புற இசையும் ஜாஸும் கலந்து ஃபெண்டரில் பறந்தார். போதைப் பழக்கத்திலிருந்து மீள கலிஃபோர்னியாவில் சினனான் இல்லத்தில் தங்கியிருந்த ஜோ பாஸ், அங்கே கிடைத்த ஃபெண்டர் சாலிட்பாடியை வைத்துக்கொண்டுதான் பெயர் வாங்கினார். அந்த இல்லத்துக் குழுவின் இசைத்தட்டு 1962 இல் வந்தது. 1958 இல் ஃபெண்டர் ஜாஸ்காரர்களுக்கென்றே 'ஜாஸ்மாஸ்டர்' என்று பெயர் வைத்து ஒரு கிதார் கொண்டுவந்தது, அதை அள்ளிக்கொண்டு போனவர்கள் கடலலைச் சறுக்கு இசைப் பையன்கள். பெயர் வைத்தவர்கள் பாவம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: தந்தி

கடையில் வாங்கிய கிதாரில் பெரும்பாலும் 9 அல்லது 10 அளவுத் தந்தி இருக்கும் (முதல் தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). வளைத்து வாசிக்க வசதி, ஜாஸுக்குக் கொஞ்சம் சன்னம். 11 அல்லது 12 அளவில் ஃப்ளாட்வவுண்ட் வாங்குங்கள். சாதாரணத் தந்தியின் மேல் சுற்றியிருக்கும் கம்பி உருண்டை, இதில் பட்டை. அதனால் விரலை நகர்த்தும்போது வரும் 'கிரீச்' வராது, உச்ச ஒலியும் மட்டுப்படும். மூன்றாவது தந்தியும் (மெல்லிய தந்திதான் ஒன்று, கனத்தது ஆறு) சுற்றுக்கம்பியாக இருக்கிற செட்டாகப் பாருங்கள்.

இங்கே நான் பட்ட பாடு: 12 செட்டை ஆர்வக்கோளாறில் ஒரே மூச்சில் மாட்டிவிட்டேன். ஆறாவது தந்தி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் துண்டு) பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது, கொஞ்சம் அழுத்தி மீட்டினால் 'டங்' என்று வெளியே தாவியது. மறுநாள் பார்த்தால் கழுத்து முன்னால் வளைந்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தி விரலுக்கு எட்டாத உயரத்தில். பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்தி, கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியையும் முறுக்க வேண்டியிருந்தது. பழக்கமில்லையென்றால் கிதார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்ட்ராட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, கனத்த தந்தி இழுக்கும் இழுப்பில் பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகள் உட்காரும் பாகம்) மேலே எழும்பும், பின்புற ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். தந்தி மாற்ற இப்போது காசில்லையா, இருப்பதை வைத்தே அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: குமிழ்களும் ஆம்பும்

கழுத்துப் பக்க பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். டோன் குமிழை பத்திலிருந்து நாலு வரை இறக்குங்கள். பூஜ்யம் வரை போனால் கம்பளிக்குள் வாசித்த மாதிரி இருக்கும். வால்யூம் ஏழு. ஆம்பில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) எதுவும் வேண்டாம், டிரெபிள் (உச்ச ஒலி) குறைவு, மிட் (நடு ஒலி) கொஞ்சம் தூக்கல், ரிவெர்ப் (எதிரொலி) சொட்டு. 1952 முதல் 1967 வரை வந்த டெலிகாஸ்டர்களில் சுவிட்சை கழுத்துப் பக்கம் தள்ளினால், நடுவே ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்து உச்ச ஒலியை அமுக்கிவிடும். ராக்காரர்கள் அதை வேண்டாத நிலை என்று ஒதுக்கினார்கள், நாம் இப்போது குமிழைத் திருகித் தேடுவது கிட்டத்தட்ட அதைத்தான்.

பிக் (தந்தியை மீட்டும் சிறு துண்டு) தடிமனாக இருக்கட்டும், ஒன்றரை மில்லிமீட்டர் போல. கழுத்து உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மீட்டுங்கள். பிரிட்ஜ் பக்கம் போனால் தகரம் தட்டுகிற ஒலிதான் வரும்.

மூன்றாம் படி: மூன்று கார்டு

கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது. ஆறு தந்தியையும் பிடிக்கத் தேவையில்லை, மூன்று சுரம் போதும்.

டி மைனர் 7: ஐந்தாவது தந்தியில் 5 ஆம் ஃபிரெட் (நடுவிரல்), நாலாவதில் 3 (ஆள்காட்டி), மூன்றாவதில் 5 (மோதிரவிரல்).

ஜி 7: ஆறாவது தந்தியில் 3 (ஆள்காட்டி), நாலாவதில் 3 (நடுவிரல்), மூன்றாவதில் 4 (மோதிரவிரல்). இடையில் இருக்கும் ஐந்தாவது தந்தியை ஆள்காட்டியின் நுனி லேசாகத் தொட்டு ஊமையாக்க வேண்டும்.

சி மேஜர் 7: ஐந்தாவதில் 3 (நடுவிரல்), நாலாவதில் 2 (ஆள்காட்டி), மூன்றாவதில் 4 (மோதிரவிரல்).

இப்போது நாலாவது, மூன்றாவது தந்திகளை மட்டும் கவனியுங்கள். முதல் கார்டிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது மூன்றாவது தந்தி ஒரு ஃபிரெட் இறங்குகிறது, நாலாவது அசைவதில்லை. அடுத்த மாற்றத்தில் நாலாவது ஒரு ஃபிரெட் இறங்குகிறது, மூன்றாவது அப்படியே நிற்கிறது. மாறி மாறி ஒவ்வொருவராகப் படி இறங்குகிறார்கள். பழைய ஜாஸ் பாட்டுகளில் பாதிக்கு மேல் இந்த இறக்கம் எங்காவது ஒளிந்திருக்கும்.

நாலாம் படி: சுரத்தை நிறுத்துவது

இதில்தான் ஆறு மாதம் நான் கோட்டை விட்டேன், அதனால் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். தொனி வந்துவிட்டது, கார்டும் சரி, ஆனால் கேட்டால் ஜாஸ் மாதிரி இல்லை. ஏனென்றால் லெஸ் பால் கட்டையில் தந்தி கட்டியதே சுரம் நீண்டு நிற்கத்தான், நாம் பிடிக்கப் பார்க்கும் தாளமோ சுரம் தானாகவே அடங்கிவிடும் கிதார்களில் பிறந்தது. கவுன்ட் பேஸி குழுவில் ஐம்பது வருடம் இருந்த ஃபிரெடி கிரீன், ஆம்பே இல்லாமல், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மீட்டல் என்று வாசித்தார். அங்கே மரம் செய்த வேலையை சாலிட்பாடியில் இடது கை செய்ய வேண்டும்.

டி மைனர் 7 பிடித்து மேலிருந்து கீழாக ஒரு தடவை மீட்டுங்கள். சத்தம் வந்த உடனே விரல்களின் அழுத்தத்தை மட்டும் விடுங்கள், விரல் தந்தியை விட்டு எழும்பக் கூடாது. 'ஜங்' என்று வந்து நிற்க வேண்டும். நாலு தட்டுக்கு நாலு தடவை. இரண்டாவது, நாலாவது தட்டை இன்னும் குறுக்குங்கள். மெட்ரோனோமை (சீராக 'டக்' அடிக்கும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 என்று வைத்து, அதன் 'டக்' ஒவ்வொன்றையும் இரண்டாவது, நாலாவது தட்டாக எண்ணுங்கள் (அப்போது உங்கள் வேகம் 120). முதல் நாள் நிச்சயம் தடுமாறும், 'டக்' விழும் இடத்தில் வாய்விட்டு 'ரெண்டு', 'நாலு' என்று சொல்லிக்கொண்டே செய்தால் பிடிபடும்.

ஐந்தாம் படி: ஒரு சின்ன ஓட்டம்

ஐந்தாவது தந்தியில் 5, 8, நாலாவதில் 7, மூன்றாவதில் 5. இது டி மைனர் 7 க்கு. அதோடு ஒட்டி மூன்றாவதில் 4, நாலாவதில் 5, 3, ஐந்தாவதில் 5. இது ஜி 7 க்கு. நாலாவது தந்தி 2 ஆம் ஃபிரெட்டில் போய் உட்காருங்கள், சி மேஜர் வந்துவிட்டது. ஒரு தட்டுக்கு ஒரு சுரம். சார்லி கிறிஸ்டியன் பெரும்பாலும் பிக்கை கீழ்நோக்கியே அடிப்பார், நீங்களும் இதை அப்படியே வாசித்துப் பாருங்கள், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே எடை கிடைக்கும். அடுத்த சுரம் வரும்போது முந்தையது அடங்கியிருக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று வழிந்தால் இடது கை சோம்பேறித்தனம் செய்கிறது என்று அர்த்தம்.

முதலில் மூன்று கார்டையும் கைபேசியில் பதிவு செய்யுங்கள், டி மைனருக்கு நாலு தட்டு, ஜி 7 க்கு நாலு, சி மேஜருக்கு எட்டு. அதை ஓடவிட்டு மேலே இந்த ஓட்டத்தை வாசியுங்கள். கடைசியில் அந்த 2 ஆம் ஃபிரெட் சுரத்தை மட்டும் நிறுத்தாதீர்கள், எட்டு தட்டும் நிற்கட்டும். கட்டைக் கிதார் வைத்திருப்பதற்கு அந்த ஒரு இடத்திலாவது பலன் வேண்டாமா?